இரவல் கைதட்டல்

அத்தியாயம் 17

"பாவம், அந்த மனுஷனுக்கு ஏன் உண்மையைத் தெரியவைத்தீர்கள்?" என்று போன வாரம் கேட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் தெரியவைக்கவில்லை. வீட்டுச் சாவி வாங்கப் போன இடத்தில் அவனே தெரிந்துகொண்டான்.

தபால் எட்டாம் நம்பர் சட்டைக்காரன். கால்பந்து அணியில் நடுக்களத்து ஆட்டக்காரன். வயது முப்பத்திரண்டு. பந்து யாருக்குப் போக வேண்டுமோ அவர் காலடியில் கொண்டுபோய்ச் சேர்ப்பான் என்பதால் எப்போதோ ஒரு பத்திரிகைக்காரர் வைத்த பெயர் அது. கூட ஆடுகிறவர்களுக்கு ராக்கெட், சிறுத்தை என்றெல்லாம் பெயர் இருக்க, இவனுக்கு மட்டும் அரசாங்க உத்தியோகம் கிடைத்தது.

ஆட்டம் தொடங்குவதற்கு முன் அறிவிப்பாளர் ஒவ்வொருவரின் நம்பரைச் சொல்வார். பட்டப்பெயரைக் கூட்டம் கத்தும். நான்கு வருடமாக எட்டாம் நம்பருக்கும் ஆரவாரம் குறையவில்லை. போன வாரம் வீட்டுச் சாவி வாங்க மைதானத்தின் சவுண்டு அறைக்கு அவன் போனபோது, அங்கே வேலை பார்க்கும் மைத்துனன் டீ குடிக்கப் போயிருந்தான். திரையில் 'கோல் இசை', 'விளம்பரம்', 'மழை அறிவிப்பு' என்று பட்டன்கள் வரிசையாக இருந்தன. கடைசிப் பட்டனில் 'மாமா' என்று எழுதியிருந்தது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு அழுத்திப் பார்த்தான். நான்கு வருடமாகத் தனக்கு விழுந்துகொண்டிருந்த ஆரவாரம், அச்சுப் பிசகாமல் காதுக்குள் கேட்டது.

அதுவும் எந்த நேரத்தில்? அடுத்த வருடத்துக்குத் தபாலை வைத்துக்கொள்வதா, பதினான்காம் நம்பர் குட்டியை வைத்துக்கொள்வதா என்று கிளப் முடிவெடுக்கப் போகிற நேரத்தில். "ஆட்டத்தைக் கோச் பாத்துக்கட்டும். ஜனம் யாருக்காக வருதுன்னு எனக்குத் தெரியணும்" என்று தலைவர் சொல்லிவிட்டார். நான்கு கம்பங்களில் சத்தம் அளக்கும் மீட்டர் மாட்டியாயிற்று. மூன்று ஆட்டங்களில் பார்ப்பதாகப் பேச்சு. இரண்டு முடிந்துவிட்டன. பத்தாம் நம்பர் ராக்கெட்டுக்கு நூற்றைந்து டெசிபல். தபாலுக்கு நூற்றொன்று. குட்டிக்குத் தொண்ணூற்றெட்டு.

இன்று மூன்றாவது ஆட்டம். தபால் ஐந்து நாளாக அந்தப் பட்டனைப் பற்றி யாரிடமும் வாயைத் திறக்கவில்லை.

* * *

காலை ஏழு மணிக்கு, குளியலறையில் பக்கெட் நிறைய ஐஸ் தண்ணீரில் இரண்டு கால்களையும் விட்டுக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். நேற்றுப் பயிற்சியில் வலது முட்டி வீங்கியிருந்தது. இப்போதெல்லாம் எந்தப் பயிற்சியிலும் வீங்கியது.

ஒன்பது வயது மகள் கதவோரம் உட்கார்ந்து, பிஸ்கட் பாக்கெட்டுக்குள் வருகிற ஆட்டக்காரர் கார்டுகளைத் தரையில் பரப்பியிருந்தாள்.

"அப்பா, உன் கார்டு இன்னும் மூணு வேணும்."

"எதுக்கு? நானே வீட்ல இருக்கேனே."

"ராக்கெட் கார்டு வாங்க. உன் கார்டு ஆறு குடுத்தாதான் அவரோடது ஒண்ணு தருவாங்க. போன மாசம் நாலுதான் இருந்துச்சு."

"குட்டி கார்டுக்கு?"

"ரெண்டு." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள். "ஆனா போன வருஷம் நீயும் குட்டியும் சமம்ப்பா."

"விலைவாசி ஏறிப்போச்சு" என்றான்.

அவன் மனைவி ஆட்டப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "காலங்காத்தால அப்பாகிட்ட என்ன வியாபாரம்? போய்த் தலை வாரு." மகள் கார்டுகளை அள்ளிக்கொண்டு போனாள்.

"இன்னிக்கு மேட்சுக்கு வர்றியா?" என்று கேட்டான்.

"அரை நாள் லீவு சொல்லியிருக்கேன். ஏன், வரக்கூடாதா?"

"சும்மா கேட்டேன்."

"குரலே ஒரு மாதிரி இருக்கு."

"ஐஸ் தண்ணி."

அவள் முகத்தையே பார்த்தான். 'உனக்குத் தெரியுமா?' என்று கேட்டுவிட நான்கு நொடி போதும். ஐந்து நாளாக அந்த நான்கு நொடி கிடைக்கவில்லை. அவளுக்குத் தெரியாமல் அவள் தம்பி மூச்சுகூட விடமாட்டான் என்பது அவனுக்குத் தெரியும். கோபம் வந்திருந்தால்கூடத் தேவலை. அலுப்புதான் வந்தது. துண்டை எடுத்துக் காலைத் துடைத்துக்கொண்டான்.

* * *

அவள் கண் மருத்துவமனையில் பவர் பார்க்கிற வேலையில் இருந்தாள். ஒரு இருட்டறை, ஒரு நாற்காலி, எதிரே வெளிச்சம் போட்ட எழுத்துப் பலகை. வருகிறவர்களின் மூக்கில் இரும்பு பிரேமை மாட்டி, கண்ணாடி வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, முன்னாடி தெளிவா இருந்துச்சா?" என்று ஒரு நாளைக்கு நூறு தடவை கேட்பாள். வீட்டில் தூக்கத்திலும் கேட்டிருக்கிறாள்.

கடைசியாக வந்தவர் லாரி டிரைவர்.

"சீக்கிரம் விட்டுடுங்கம்மா. சாயந்திரம் மேட்ச் இருக்கு."

"ராக்கெட் ரசிகரா?" என்று பேச்சுக்குக் கேட்டு வைத்தாள்.

"பின்ன? ராக்கெட்டுக்காகத்தான் டிக்கெட் வாங்குறதே. இப்ப அந்தக் குட்டிப் பயலும் தேறிட்டான்."

அதோடு விட்டிருக்கலாம். அவளால் முடியவில்லை. "தபால்?"

"நல்ல மனுஷன். ஆடுவாரு. ஆனா எப்ப ஆடுனாருன்னு வீட்டுக்கு வந்து யோசிச்சாலும் ஞாபகம் வராது."

அவள் வில்லையை மாற்றினாள்.

"ஒண்ணு மட்டும் எனக்குப் புரியலம்மா. அவரு நம்பரைச் சொன்னதும் சத்தம் பிச்சுக்கும். ஆனா எங்க கேலரில ஒரு பயலும் வாயைத் திறக்கறதில்ல. எதிர் கேலரிக்காரங்கதான் அவருக்காக உயிரை விடுறாங்கன்னு நெனச்சிட்டிருந்தோம். என் மச்சான் எதிர் கேலரியில உக்காருவான். போன வாரம் கேட்டேன். அவன் என்னைக் கேக்கறான், 'நீங்கதானே கத்துறீங்க'ன்னு."

அவள் கைக்கு வந்த வில்லையை எடுத்து மாட்டினாள்.

"அம்மா, இப்ப போட்டதுல ஒண்ணுமே தெரியலயே."

தப்பான வில்லை. எடுத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தாள்.

டிரைவரை அனுப்பிவிட்டு, தாழ்வாரத்துக்கு வந்து தம்பிக்குப் போன் போட்டாள்.

"அக்கா, நானே கூப்பிடணும்னு இருந்தேன். இன்னிக்கு வேண்டாமே."

"ஜனம் பேச ஆரம்பிச்சிருச்சுடா."

"அதுக்கில்ல. முன்னாடி அது மாமாவுக்கு ஒரு ஆறுதல், அவ்வளவுதான். இப்ப மீட்டர் மாட்டியிருக்காங்க. குட்டிக்கு வர வேண்டியதை நாம எடுக்கறோம்."

அவளுக்குத் தெரியாததா? பத்து நாளாக அதை நினைக்காமல் இருப்பதற்காகவே வீட்டில் அலமாரிகளை ஒழித்துக்கொண்டிருந்தாள்.

"திடீர்னு நிறுத்தினா சந்தேகம் வராதா? இன்னிக்கு ஒரு நாள் போட்டுடு. இதோட விட்டுறலாம்."

"நாலு வருஷத்துக்கு முன்னாடியும் ஒரு நாள்னுதான் சொன்ன."

சொன்னாள்தான். இறுதி ஆட்டத்தில் தபால் பெனால்டியைக் கோல் கம்பத்துக்கு மேலே அடித்துவிட்டிருந்தான். அடுத்த ஆட்டத்தில் அவன் நம்பரைச் சொன்னபோது மைதானமே வாயை மூடிக்கொண்டது. கூட்டத்துக்குக் காட்டத் தூக்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் அவன் தலையைச் சொறிந்துகொண்டதை அவள் பார்த்தாள். வீட்டுக்கு வந்து தம்பியிடம் அழுதாள். அடுத்த வாரமே ஆரவாரம் வந்துவிட்டது. தூக்கிய கைக்கு வேலை கிடைத்தது. நிறுத்த ஒரு நல்ல நாளைத் தேடி நான்கு வருடம் ஓடிவிட்டது.

"அவருக்கு வேற எந்த வேலையும் தெரியாதுடா" என்றாள்.

"சரிக்கா" என்றான் தம்பி.

* * *

உடை மாற்றும் அறையில் பெஞ்சில் குட்டி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். இருபத்தோரு வயது. தலைமுடியில் பாதி செம்பட்டை நிறம். கோல் விழுந்தால் கொடிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு ஆடுகிற ஆட்டத்துக்காகவே பள்ளிக்கூடப் பிள்ளைகள் அவன் பின்னால் வருகிறார்கள்.

"அண்ணே, இந்தக் கட்டு சரியா இருக்கா பாருங்க."

தபால் அவன் கணுக்காலைப் பிடித்து, கட்டைக் கட்டைவிரலால் அழுத்தினான். "லூசா இருக்கு. பிரிச்சுக் கட்டச் சொல்லு."

"நேத்து எங்கம்மா உங்களைப் பத்திதான் பேசிட்டிருந்தாங்க. 'கோலே போடாம அந்த மனுஷன் அவ்வளவு சத்தம் வாங்குறாரு பாரு, அதுதான்டா பேரு. நீ முடிக்குச் சாயம் அடிச்சு வாங்குறது பேரில்ல'ன்னாங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தான். அதில் பொறாமை கொஞ்சமும் இல்லை. இருந்திருந்தால் தபாலுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"இந்த வருஷம் என்னை அனுப்பிட்டாக்கூடப் பரவால்லண்ணே. உங்ககிட்டதானே தோத்தேன்னு மனசைத் தேத்திக்குவேன்."

தபாலின் ஒரு கால் பூட்ஸில் இன்னும் நாடா கட்டவில்லை. அப்படியே எழுந்து வெளியே போனான்.

சவுண்டு அறைக்கு நாற்பது படி. வீங்கின முட்டிக்கு நாற்பதும் தெரிந்தது. கண்ணாடிச் சுவர் வைத்த சின்ன அறையில், மைதானத்தைப் பார்த்தபடி மைத்துனன் தனியாக உட்கார்ந்திருந்தான்.

"மச்சான்."

திரும்பினவன் முகத்தில் ஈயாடவில்லை. "மாமா, நீங்க இங்க என்ன... இன்னும் இறங்கலையா?"

"என் பேர்ல ஒரு பட்டன் வெச்சிருக்கியே, அந்தச் சத்தம் யாருக்கு விழுந்தது?"

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"யாருக்குன்னு கேட்டேன்."

மைத்துனன் நாற்காலியை விட்டு எழுந்தான். "ராக்கெட்டுக்கு. ஒரே மேட்ச்ல மூணு கோல் போட்டாரே, அன்னிக்கு. மூணாவது கோலுக்குப் பதிவு பண்ணது."

தபால் அங்கிருந்த ஒயர் பெட்டியின்மேல் உட்கார்ந்தான். நான்கு வருடமாக ராக்கெட்டின் கைதட்டலுக்குத்தான் கை தூக்கிக் காட்டியிருக்கிறான். ராக்கெட் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

"கடைசியில மூணு விசில் வருமே?"

"ஆமா மாமா."

"வடக்கு கேலரியில ஒருத்தன் இருக்கான்னு நெனச்சிட்டிருந்தேன். யாரு விட்டாலும் அவன் நம்மளை விடமாட்டான்னு. அந்தப் பக்கம் பாத்துத்தான் கை தூக்குவேன். முட்டியில ஊசி போட்டுக்கிட்டு ஆடினேனே ஒரு தடவை, அன்னிக்கு இறங்கினதே அந்த ஆளுக்காகத்தான்."

மைத்துனன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அக்கா அன்னிக்கு ரொம்ப அழுதா மாமா. எனக்கு வேற வழி தெரியல."

"உங்க அக்கா வேலைன்னு தெரியும். உனக்கா இவ்வளவு மூளை வராது."

மைத்துனனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"இன்னிக்குப் போடாத" என்றான் தபால்.

"கடைசி அளவு மாமா இது. இதுல இறங்கினா குட்டியைத்தான் வெச்சுக்குவாங்க."

"தெரியும். எனக்கு உங்க மேல கோவம் இல்லடா. அலுத்துப்போச்சு. எனக்குன்னு ஏதாவது இருக்கா இல்லையான்னு தெரியாமலே இனி அங்க போய் நிக்க முடியாது."

"அக்கா போடச் சொல்லியிருக்கா."

"அப்ப உனக்கு ரெண்டு பேரும் சொல்லியாச்சு" என்று எழுந்தான். கதவருகே போய் நின்று, பூட்ஸ் நாடாவைக் கட்டிக்கொண்டு, படியிறங்கினான்.

* * *

நான்கு மணிக்கு, ஆட்டக்காரர் குடும்பங்களுக்கு ஒதுக்கின வரிசையில் அவள் உட்கார்ந்திருந்தாள். நம்பர்களைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். ஒன்று, இரண்டு, நான்கு, ஐந்து. ஏழாம் நம்பர் சிறுத்தை. நல்ல சத்தம்.

"எட்டாம் நம்பர்..."

"தபால்" என்று அவள் கத்தினாள். எப்போதும் கத்துவாள். எப்போதும் அந்தக் குரல் ஆரவாரத்தில் மூழ்கிவிடும். இன்று மூழ்கவில்லை. முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பி அவளைப் பார்த்தார்கள்.

மேற்கே எங்கோ சிலர் கைதட்டினார்கள். யாரோ ஒருவர் இருமினார். இத்தனை நாள் எதிர் கேலரியை நம்பிக்கொண்டு உட்கார்ந்திருந்த நான்கு கேலரிகளும் இப்போது ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. தபால் கையைத் தூக்கவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்து, காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

பத்தாம் நம்பருக்கு மைதானம் அதிர்ந்தது. பதினான்காம் நம்பருக்கும்.

முதல் பாதியில் தபால் நூறு அடி தூரத்திலிருந்து கொடுத்த பந்தை ராக்கெட் கோலாக்கினான். ராக்கெட், ராக்கெட் என்று கூட்டம் எழுந்து நின்றது. பந்து எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. அவளும் பார்க்கவில்லை. அப்போது அவள் சவுண்டு அறைப் படிகளில் ஏறிக்கொண்டிருந்தாள்.

"ஏன்டா போடல? சொன்னேனே."

"மாமா வந்திருந்தாரு" என்றான் தம்பி. "வேண்டாம்னுட்டாரு. அவருக்கு எல்லாம் தெரிஞ்சிருக்குக்கா."

காலையில் பக்கெட்டில் கால் வைத்துக்கொண்டு, மேட்சுக்கு வருகிறாயா என்று அவன் கேட்டது எதற்கென்று அவளுக்கு இப்போதுதான் புரிந்தது. வெட்கமாக இருந்தது. இவ்வளவு வெட்கம் அவளுக்கு எப்போதும் வந்ததில்லை.

கதவைத் தட்டிவிட்டு மீட்டர்க்காரர் உள்ளே வந்தார். சத்தம் அளக்க வெளியிலிருந்து வந்திருக்கிற ஆள், நல்ல மரியாதைக்காரர்.

"எட்டாம் நம்பருக்கு மட்டும் எழுபத்தொண்ணு காட்டுது. ரெண்டு வாரமா நூறைத் தாண்டினவரு. மீட்டர்ல ஏதோ கோளாறு போல. தலைவர்கிட்டச் சொன்னேன். இடைவேளை முடிஞ்சு வர்றப்ப எட்டை மட்டும் தனியா இன்னொரு தடவை கூப்பிடச் சொல்லிட்டாரு. உங்க பக்கம் ஒயரெல்லாம் சரியா இருக்கான்னு ஒரு தடவை பாத்துடுங்க."

அவர் போய்விட்டார். அக்காவும் தம்பியும் அந்தப் பட்டனைப் பார்த்தார்கள். போன அளவைத் திரும்பப் பிடிக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் யாரும் தரமாட்டார்கள். கோளாறு சரியாகிவிட்டது என்று மீட்டர்க்காரரே எழுதிக்கொள்வார்.

"எழுபத்தொண்ணுன்னா எவ்வளவுடா?"

"யாரும் கத்தாம ஜனம் சும்மா பேசிட்டிருந்தாலே அறுபத்தெட்டு காட்டும்."

"அப்ப மூணு."

"ஆமாக்கா. மூணு."

"அதுல ஒண்ணு நான்" என்றாள்.

தம்பி நாற்காலியைத் திரைப் பக்கம் திருப்பினான்.

"அந்தப் பதிவை அழிச்சிடு."

"யோசிச்சுச் சொல்லு. வேற பதிவு கிடையாது."

"நாலு வருஷமா அவரு காதுல என்ன விழணும்னு நான்தான் முடிவு பண்ணிட்டிருந்தேன். ஒரே ஒரு தடவை அவரு வாயைத் திறந்து வேண்டாம்னு சொல்லியிருக்காரு. அழிச்சிடுடா."

அழித்தான். உறுதிதானா என்று திரை ஒரு தடவை கேட்டது. ஆம் என்றான்.

* * *

இடைவேளைக்கு ஆட்டக்காரர்கள் உள்ளே போகும் வழியில் கம்பி வலையோரம் அவள் நின்றுகொண்டிருந்தாள். தபால் எல்லோருக்கும் கடைசியில் நொண்டிக்கொண்டு வந்தான். அவளைப் பார்த்ததும் நின்றான்.

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?" என்றாள்.

"கேட்டா நீ அழுவ. நீ அழுதா நான் சமாதானம் பண்ணணும். அதுக்குத் தெம்பு இல்ல."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"தப்புத்தாங்க. உங்களை அப்படி நிக்கவிட முடியல என்னால. அதுக்காகச் செஞ்சது, தப்பாப்போச்சு."

"சரி விடு."

"மீட்டர் கோளாறுன்னு நெனச்சிட்டாங்க. இடைவேளை முடிஞ்சதும் உங்களை மட்டும் தனியாக் கூப்பிடப் போறாங்க. அந்தப் பதிவை அழிச்சாச்சு. இனிமே ஒண்ணும் வராது."

அவன் கம்பி வலையில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டான். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. உள்ளேயிருந்து கோச் யாரையோ திட்டும் சத்தம் கேட்டது.

"கூப்பிடட்டும்" என்றான். "நீ போய் உன் இடத்துல உக்காரு. கத்தாத."

"நான் கூடவா?"

"நீதான் முக்கியமா. உன் குரல் எனக்கு எந்தக் கூட்டத்துலயும் தெரியும். ராக்கெட்டோட சத்தத்துக்கு நடுவுல நாலு வருஷமா அதையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். இந்த ஒரு தடவை அது இல்லாம மிச்சம் என்ன இருக்குன்னு பாக்கணும்."

அவள் தலையாட்டினாள். வேறு எதைக் கேட்டிருந்தாலும் சுலபமாக இருந்திருக்கும்.

பதினைந்து நிமிடம் கழித்து ஆட்டக்காரர்கள் வெளியே வந்தார்கள். மற்றவர்களைக் கோட்டுக்கு அப்பால் நிற்கச் சொன்னார்கள். தபால் மட்டும் நடுவட்டத்துக்கு நடந்து போனான். என்ன நடக்கிறது என்று தெரியாமல் கூட்டம் பேச்சை நிறுத்தியது. அவள் தன் இருக்கையின் கைப்பிடிகளை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"எட்டாம் நம்பர்" என்றார் அறிவிப்பாளர்.

தொண்டை வரை வந்துவிட்ட அவன் பெயரை அவள் விழுங்கினாள்.